தம்பி வீட்டில் விரித்த பாய்

சண்முகவடிவு பிரசவத்தில் இறந்தபோது அவளுக்கு வயது பதினைந்து. பிள்ளையும் தங்கவில்லை. பந்தல்குடிக்கு அது புதிய சாவு அல்ல. ஆளான மறுவருஷம் கல்யாணம், அதற்கடுத்த வருஷம் பிள்ளை என்றுதான் எல்லா வீட்டிலும் நடந்தது. சிலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். அவளுடைய தாய் முத்துமாரியம்மாளும் பதினைந்தில் பெற்றவள்தான். தான் பிழைத்தது போல மகளும் பிழைப்பாள் என்று நம்பி, கூடப்பிறந்த தம்பி தனுஷ்கோடிக்கே அவளைக் கொடுத்திருந்தாள்.

கருமாதி முடிந்த அன்று தனுஷ்கோடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன் அவன்.

"இனி நம்ம குடும்பத்துல ஒரு பிள்ளை இப்படிப் போகக் கூடாதுக்கா. சின்னவளுக்குப் பதினெட்டு முடியாம கல்யாணப் பேச்சை எடுக்க விடமாட்டேன்."

அவள் கணவர் காசிராஜனும் தலையாட்டினார்.

சின்னவள் அழகுத்தாய்க்குப் பதினாலு நடந்தது. உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய்க்குக்கூட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் முத்துமாரியம்மாள் திருப்பி அனுப்பினாள். திமிர் பிடித்தவள் என்று ஊர் பேசியது. தம்பி இருக்கிறான் என்ற தைரியத்தில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் அருப்புக்கோட்டையில் சித்தி மகள் மாயக்காளுக்குப் பேறுகாலம். "நீ போயி கூட இருந்துட்டு வா, இங்க நான் பாத்துக்கிடுறேன்" என்று காசிராஜனே பஸ் ஏற்றிவிட்டார்.

பிள்ளை பிறந்து, தாயும் தேறிய பிறகு அவள் ஊர் திரும்பினாள். வீட்டில் அழகுத்தாய் இல்லை. காசிராஜன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திருச்சுழி கோயில்ல வச்சு கல்யாணத்தை முடிச்சாச்சு. வெளியாளுக்கா குடுத்தோம்? நம்ம தனுஷ்கோடிக்குத்தான்."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"கேட்டதே அவன்தான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கொண்டுவந்த பையைக்கூடப் பிரிக்காமல் பாளையம்பட்டிக்கு, தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.

அழகுத்தாய் அடுப்படியில் இருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"நான் பஸ் ஏறுறப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். மாமா சொல்ல வேண்டாம்னாரு. நீ அழுவேன்னாரு."

வாசலில் வழியனுப்ப நின்று கையசைத்த பிள்ளை இது.

தனுஷ்கோடி கடையிலிருந்து வந்து தூணோரம் நின்றான்.

"எத்தனை நாளைக்குக்கா ஒத்தையில கெடக்க? வேற எடத்துலருந்து ஒருத்தி வந்தா உன்னைய மதிப்பாளா?"

"என்னைய மதிச்சுத்தான் மறைச்சியா?"

அவன் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான்.

"சாந்தி முகூர்த்தம் எப்ப?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"அது நடக்காது. பதினெட்டு முடியிற வரைக்கும் இவ பக்கத்துல நான் படுப்பேன். என்னைய வெளியேத்தணும்னா தெருவே பாக்க இழுத்து வெளிய தள்ளு."

உள்ளறையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். அவளை இழுக்க அவனுக்குக் கை வரவில்லை.

காசிராஜன் வந்து மானம் போகிறது என்றார். "மகளைக் குடுக்கிறப்ப என்னையக் கேக்கலை. இங்க இருக்க நான் எதுக்கு உங்களைக் கேக்கணும்?" என்றாள். அவர் தனியாகப் பொங்கித் தின்னப் பழகிக்கொண்டார்.

சண்டை முடிந்தது. சுதந்திரமும் வந்தது. அவள் அசையவில்லை. தெருக்காரர்கள் அழகுத்தாயை மலடி என்று சாடை பேசினார்கள். ஒருநாள் அவள் தாயிடம் வெடித்தாள்.

"அக்கா செத்தா நானும் சாவேனா? என் பொழப்பைக் கெடுக்கத்தான் வந்து உக்காந்திருக்க."

முத்துமாரியம்மாள் பாயைச் சுருட்டவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பந்தல்குடிக்குப் போய்விட்டாள். மறுவருஷம் அழகுத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. தலைப்பிரசவம் அத்தனை சுகமாக ஆகி வெகுகாலம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டொரு தாய்மார் தங்கள் வீட்டில், "நம்ம பிள்ளைக்கும் இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார்கள்.

தனுஷ்கோடி சீனியும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நீ செஞ்சதுதான் சரிக்கா."

"பால் நல்லா குடிக்குதா?"

"குடிக்குது."

"ராத்திரி அழுதா வசம்பு உரசிப் போடச் சொல்லு."

சீனியை வாங்கி உள்ளே வைத்தாள். அவன் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.