எர்த் அடிக்குது

அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழகாத நான், இப்படியொரு துயரத்தைக் கதையாக எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். சொல்லில் குறை இருந்தால் அது என்னுடையது. அந்தக் குறையை இதில் வரும் மனிதர்கள்மேல் ஏற்றிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டு, கிட்டுசாமி அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் எட்டு நிட்டிங் மெஷின்களை வைத்துப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தவர் கிட்டுசாமி. வயது ஐம்பத்து நான்கு. அவரோடு தொழில் தொடங்கியவர்கள் கார் மாற்றினார்கள், காங்கேயம் பக்கம் தோட்டம் வாங்கினார்கள். அவரோ, எந்த ஊரில் எந்தப் பழைய வீடு இடிபடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இடிபடும் வீட்டில் எல்லோரும் தேக்குக் கதவையும் உத்தரத்தையும் விலை பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பரணில் ஏறிப் பழைய மின்விசிறி ஏதேனும் கிடக்கிறதா என்று தேடுவார்.

அப்படித் தேடிச் சேர்த்தவை பத்தொன்பது மேசை விசிறிகள். எல்லாம் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தையவை. பித்தளை இறக்கை, வார்ப்பிரும்பு உடம்பு, ஒருவர் தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் கனம். கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே பெரியவர்களின் கையே தாராளமாக நுழையும். அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நுனி அப்படி நுழைந்துதான் போயிற்று. இன்னொரு முறை, நிட்டிங் பஞ்சு உள்ளே அடைந்து சூடேறி, ஒரு விசிறி பட்டப்பகலில் புகைந்தது. அவர் மனைவி மாரக்காள் ஒரு வாளி மணலைக் கொட்டி அதை அணைத்துவிட்டு, "ஊட்டுக்குள்ள இனி ஒண்ணும் வரக்கூடாதுங்க. உங்க கம்பெனியிலயே கொண்டுபோயி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவை கம்பெனியில், துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் ஹாலின் மேற்குச் சுவரோரம், நீண்ட இரும்பு ஸ்டாண்டின்மேல் வரிசையாக அமர்ந்திருந்தன.

ஒவ்வொன்றுக்கும் அது வந்த இடமே பெயராகியிருந்தது. காதர்பேட்டைக் கடை ஒன்றிலிருந்து வந்தது 'சேட்டு'. வாத்தியார் வீட்டிலிருந்து வந்தது 'டீச்சர்'. ஊத்துக்குளியில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது 'ஸ்டேஷன் மாஸ்டர்'. கறுப்பு உடம்பும், நான்கு அகன்ற பித்தளை இறக்கைகளும், சிவப்பும் பொன்னிறமுமாகப் பின்னிய நூலுறை போர்த்திய வயரும் கொண்ட ஸ்டேஷன் மாஸ்டர்தான் எல்லாவற்றிலும் அழகானது. ஆனால், நான்கு ஆண்டுகளாக அது மட்டும் ஓடவில்லை. ஆயுதபூஜை அன்று பத்தொன்பதும் சேர்ந்து ஓடுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது கிட்டுசாமியின் ஆசை. அந்த ஆசையை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு பூஜைக்கு முன்பாக, கம்பெனியின் மெக்கானிக் முனீஸ் அதற்குப் புதிதாகக் காயில் கட்டி ஓடவைத்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அவரிடமே பதினோரு ஆண்டுகளாக இருப்பவன். அவன் மனைவி விஜயராணி செக்கிங்கில் வேலை செய்தாள். சனிக்கிழமைதோறும் பனியன் வேஸ்ட் துணியால் விசிறிகளைத் துடைத்துவைப்பதும் அவள்தான்.

பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை, துடைத்துக்கொண்டிருந்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"மொதலாளி, ஸ்டேஷன் மாஸ்டரு கையப் பிடிச்சு இழுக்காரு. தொட்டா சுர்ருங்குது."

ஏணிமேல் நின்றிருந்த முனீஸ் சிரித்தான். "ரிட்டயர்டு ஆன மனுசன் உன் கையப் பிடிச்சு என்ன செய்யப்போறாரு? எர்த் அடிச்சிருக்கும். வேலையப் பாரு."

"உம்மத் தொட்டாத்தான் ஒண்ணும் அடிக்க மாட்டேங்குது" என்றாள் அவள். செக்கிங் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்க அனுமதி வேண்டுகிறேன். மின்சாரம் தீண்டுவதற்கு எங்கள் பக்கம் இரண்டு பெயர்கள் உண்டு. ஆளைத் தூக்கி எறிந்தால் அது ஷாக். கை மரத்து, சுர்ரென்று இழுத்து விட்டுவிட்டால் அது எர்த். கிரைண்டர் எர்த் அடிக்கும், அயர்ன் பாக்ஸ் எர்த் அடிக்கும், மழைக்காலத்தில் ஸ்விட்ச் போர்டுச் சுவரே எர்த் அடிக்கும். கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எர்த் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள்.

கிட்டுசாமியும் வந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ரப்பர் செருப்போடு நின்றவருக்கு ஓர் எறும்பு ஊர்ந்தது போலத்தான் இருந்தது. "எர்த்துதான்" என்றார் அவரும்.

பூஜை விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகள் ஜனனி அருகில் நின்றாள். கோவையில் எலெக்ட்ரிக்கல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவள்.

"எர்த் அடிக்காதுங்கப்பா. எர்த் இல்லாததுனாலதான் அடிக்குது. அடிக்கறது கரண்டுதானுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு."

"ஒண்ணில்லீங்கப்பா." அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைச் சாய்த்தாள். நூலுறைக்குள் இருந்த ரப்பர், பொரித்த அப்பளம் போல நொறுங்கி அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. வயர் இரும்பு அடிப்பாகத்துக்குள் நுழையும் துளையருகே செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. "உள்ள எங்கியோ கம்பி பாடியில படுது. ரெண்டு பின்னு பிளக்கு. அந்தக் கரண்டு எறங்கிப் போக வழியே இல்ல. தொடறவங்கதான் வழி. மூணு கம்பி வயரு போட்டு, பாடிக்கு எர்த் குடுத்துரலாமுங்க. ஒரு மணி நேர வேல."

கிட்டுசாமி அந்தச் சிவப்புப் பொன் வயரைப் பார்த்தார். அவரிடமிருந்த பத்தொன்பதில், பிறந்த நாளில் போட்ட அதே வயரோடு இருந்தது அது ஒன்றுதான்.

"இத எடுத்துப்போட்டு பிளாஸ்டிக் வயர மாட்டுனா, பட்டு வேட்டிக்காரனுக்கு டவுசர் போட்டு உட்ட மாதிரி ஆயிப்போகும் கண்ணு. பூஜை முடியட்டும். முடிஞ்ச கையோட மாத்திப்போடலாம்."

"அப்ப பூஜையில அத மட்டும் ஓட்டாதீங்க."

"செரி கண்ணு."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன 'செரி' அது. சொல்லும்போதே அவருக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த நாள் முனீஸிடம் சொல்லி, செம்பு தெரிந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றவைத்தார். உள்ளே எங்கே படுகிறது என்று இருவரும் திறந்து பார்க்கவில்லை. செய்தாயிற்று என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பூஜை நாள் காலையிலேயே மெஷின்களைத் துடைத்து, தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். வாசலில் வாழைக்கன்றுகள் கட்டியாயிற்று. உள்ளே பொரியும் கடலையும் வெல்லமும் அம்பாரமாகக் குவிந்திருந்தன. சாமி கும்பிடும் இடமல்லவா, முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருடைய செருப்பும் வாசலுக்கு வெளியே கிடந்தது. ஈரத்தரையில் முப்பது பேர் வெறுங்காலோடு நின்றார்கள்.

மெஷின்களுக்கும் விசிறிகளுக்கும் பெண்கள் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரை மட்டும் முனீஸ் கடைசி நேரத்தில் எண்ணெய் விட்டு, துடைத்து, தூக்கிவந்து அதன் இடத்தில் வைத்தான். மாரக்காள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். கற்பூரம் காட்டினார்கள். அதன்பின், ஊர் வழக்கப்படி, எல்லா மெஷின்களையும் ஒரு சுற்று ஓட்டினார்கள்.

ஜனனி வாசல் பக்கம் பூசணிக்காயோடு நின்றிருந்தாள். கிட்டுசாமி விசிறிகளின் ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். பதினெட்டு ஓடின. பத்தொன்பதாவது ஸ்விட்ச்சின் முன் அவர் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் போட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் முனகியது. பிறகு பித்தளை இறக்கைகள் நான்கும் ஒரே பொன் வட்டமாயின. சுவரில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதங்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் படபடத்தன. கிட்டுசாமிக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் விஜயராணி சொன்னாள்: "அடடா, இவருக்கு மட்டும் பொட்டு வைக்காம விட்டுட்டமே."

சந்தனக் கிண்ணத்தை எடுத்து, அதில் விரலைத் தோய்த்துக்கொண்டு அவள் நான்கு அடி நடந்தாள். கிட்டுசாமி பார்த்துக்கொண்டேயிருந்தார். 'தொடாதே' என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. ஆனால், கற்பூரம் எரியும்போது, மங்கலமான காரியத்தில், பொட்டு வைக்கப் போகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று வாய் தயங்கியது. எர்த்துதானே, கையை எடுத்துக்கொள்வாள் என்று மனம் சொன்னது. அந்தத் தயக்கத்துக்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. கிண்ணத்தை ஸ்டாண்டின் விளிம்பில் வைத்துவிட்டு, இடது கையால் விசிறியின் கழுத்தைப் பிடித்து, வலது கையால் பொட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். கண்ணை மூடிக் கும்பிடுகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். சந்தனக் கிண்ணம் தரையில் விழுந்து உருண்ட பிறகுதான் முனீஸ் திரும்பிப் பார்த்தான். அவன் ஓடிவருவதற்குள், வாசலிலிருந்து ஜனனி பாய்ந்து மெயினை அணைத்தாள். எல்லா இறக்கைகளும் மெல்ல மெல்ல ஓய்ந்தன. விஜயராணி முனீஸின் கைகளில் சரிந்தாள்.

துணி ஏற்றும் வேனில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஜனனி அவள் மார்பை அழுத்திக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில், உயிர் முன்பே போய்விட்டது என்றார்கள்.

நடந்ததை எழுதிக்கொள்ளக் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். அதற்குள் கிட்டுசாமியின் பங்காளி பொன்னுச்சாமி அவரை ஓரமாக அழைத்துப்போயிருந்தார்.

"கிட்டு, நீ வாயத் தொறக்காத. மயக்கம் போட்டு உழுந்துட்டான்னு நாஞ்சொல்லிக்கறேன். இல்லீனா அயர்ன் பாக்ஸுன்னு சொல்லிப்போடலாம். ஓட்ட ஃபேனுக்காவ ஒரு உசுரு போச்சுன்னு ஊரெல்லாம் பேசோணுமா?"

ஏட்டு, தரையில் உட்கார்ந்திருந்த முனீஸிடம் குனிந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"எர்த் அடிச்சிருச்சுய்யா" என்றான் முனீஸ். அவனுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

கிட்டுசாமி பங்காளியின் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"எர்த் அடிக்கலீங்க. கரண்டு. என்ற ஃபேனுங்க. ஆறு நாளைக்கு முன்னாலயே அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. ஓட்டாதீங்கன்னு என்ற மகளும் சொன்னா. செரின்னு சொல்லிப்போட்டு நானேதான் ஸ்விட்ச்சப் போட்டேனுங்க. அவ தொடப் போனதையும் பாத்துட்டுத்தான் நின்னேன்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பொன்னுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானுந்தான் எர்த்துன்னு சொன்னேன், மொதலாளி" என்றான் முனீஸ்.

"நீ தெரியாம சொன்னே முனீஸு. எனக்கு எடுத்துச் சொல்ல ஆளு இருந்துச்சு. இருந்தும் நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

கிட்டுசாமி சொன்னபடியே ஏட்டு எழுதிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரைச் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றார். அதைத் திறந்து பார்த்த மின் ஆய்வாளர், அடிப்பாகத்துக்குள் வயர் வளையும் இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ரப்பரே இல்லை என்று குறித்துக்கொடுத்தார். டேப் சுற்றிய இடத்துக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் தூரம்தான் இருந்தது.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். விஜயராணி, வயது முப்பத்தொன்று. ஒன்பது வயது மகனுக்கும் ஆறு வயது மகளுக்கும் தாய். அந்த மாதக் கடைசியில் முனீஸ் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டான். பதினோரு ஆண்டுகளாக இருந்த மெக்கானிக்கும் அந்தக் கம்பெனிக்கு இல்லாமல் போனான். செக்கிங்கிலிருந்து நான்கு பெண்கள் நின்றுகொண்டார்கள். காவல் நிலையத்துக்குப் போனது போக மீதியிருந்த பதினெட்டு விசிறிகளையும் கிட்டுசாமி சம்மட்டியால் உடைத்து, பித்தளையும் இரும்புமாகப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார். வழக்கு மூன்று ஆண்டுகள் நடந்தது. குற்றம் அவர்மேல் என்று தீர்ப்பானது, அவரும் மறுக்கவில்லை. ஜனனி படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். தகப்பனாரோடு பேசுகிறாள். அவர் எதற்காவது 'செரி' என்று சொன்னால், அதை இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்கிறாள்.