தோளில் ஒரு தட்டு

வேட்டைக்கு வந்த டாக்டர் வண்டியிலிருந்து இறக்கிய துப்பாக்கியை நோலா குனிந்து பார்த்தாள். குழல் வாயில் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு திருகியிருந்தது, இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக. பிரேக். சுடுகிறவன் தோளில் உதை விழாமல் பார்த்துக்கொள்கிற சாமான். அந்த உதை எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? பக்கவாட்டில் பீறிட்டு, பக்கத்தில் குந்தியிருக்கிறவள் காதில் போய் அறையும். இந்த ஐடஹோ மலையில் இருபத்திரண்டு வருஷமாக வேட்டைக்காரர்களின் பக்கத்தில் வழிகாட்டியாகக் குந்தியிருக்கிறவள் நோலா கிம்ஸிதான்.

இடது காது போய் நாலு வருஷமாகிறது. "மிச்சம் இருக்கறது இந்த வலது காது ஒண்ணுதான், இதையும் தொலைச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று ஊரில் காது டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இந்த சீசனோடு சரி என்று நோலாவும் முடிவு கட்டியிருந்தாள். ஒரே ஒரு வாரம் பாக்கி. அந்த ஒரு வாரத்துக்கு இப்படி ஒரு துப்பாக்கி வந்து சேரவேண்டுமா?

"அந்த மூக்கைக் கழட்டிட முடியுமா, டாக்டர்?"

"கழட்டினா குண்டு வேற எடத்துல போய் விழும், நோலா. ரெண்டு மாசமா இதை வெச்சுத்தான் குறி சரி பண்ணியிருக்கேன். இந்தத் தோள் வேற ஆபரேஷன் பண்ணினது" என்றார் டாக்டர் ஸ்டிகல். ஒஹையோவில் முப்பது வருஷம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர், சாது. நியாயமாகப் பேசுகிற ஆளிடம் சண்டை போடவும் வழியில்லை.

"சரி, அப்ப கேட்டுக்கங்க. நான் உங்க தோள்ல தட்டற வரைக்கும் விசைமேல விரல் போகக் கூடாது. காதுல அடைப்பான், அதுக்கு மேல கவசம், ரெண்டையும் மாட்டிக்கிட்டுத்தான் தட்டுவேன்."

"ஒண்ணு போதாதா?"

"இந்தச் சனியனுக்கு ஒண்ணு போதாது. நீங்களும் ரெண்டும் போடுங்க."

"சத்தியமா. நீங்க தட்டாம நான் சுட மாட்டேன்."

அடுப்படியிலிருந்து முகாம் சமையல்காரன் ஓர்வில் சிரித்தான். "விரலை விட்டு அடைச்சுக்க வேண்டியதுதானே? இத்தனை வருஷமா அதானே பண்றே?"

"அதனாலதான்யா இந்தக் கதி. நீ பேக்கனைத் தீய விடாம பாரு."

அவளிடம் நல்ல கவசம் ஒன்று இருந்தது, பேட்டரி போட்டது. சின்னச் சத்தத்தை உள்ளே விடும், வெடியை மட்டும் அடைக்கும். போன வாரம் கோவேறு கழுதை அதன்மேல் உருண்டு சப்பையாக்கிவிட்டது. இப்போது கழுத்தில் தொங்குவது ஓர்வில் மரம் அறுக்கப் போட்டுக்கொள்கிற கவசம். மாட்டினால் வெடியும் கேட்காது, மானும் கேட்காது. எல்க் மான் கனைப்பதைக் கேட்காமல் எந்தப் பக்கம் போவது? அதனால் வலது காதைக் கடைசி நிமிஷம் வரை திறந்தேதான் வைக்கவேண்டும்.

அந்தக் காதுக்கு வேறொரு வேலையும் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் புருஷன் டெரலுக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, பேச்சு விழுந்துவிட்டது. நூல் மாதிரி ஒரு குரல்தான் மிச்சம், அதில் இரண்டு சொல் வந்தால் பெரிசு. தினமும் நாலு மணிக்கு முகாமுக்கு மேலேயிருக்கும் முகட்டில் ஏறி, சாட்டிலைட் போனை வலது காதில் அழுத்திக்கொள்வாள். இடது காது போனதை அவனிடம் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை டெரலின் தங்கை போனைப் பிடுங்கிச் சொன்னாள்: "பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரு முழு வாக்கியம் சொல்லிக் குடுக்கறாங்க, அண்ணி. என்னன்னு சொல்ல மாட்டேங்கறான். வெள்ளிக்கிழமை உங்ககிட்டதான் சொல்வானாம்." நோலா அன்றைக்குச் சாப்பாட்டில் இருமுறை உப்பு போட்டுக்கொண்டாள்.

செவ்வாய் மழை. புதன், வியாழன் வெறும் நடை. முட்டி இரண்டும் விட்டுப்போயிற்று. வெள்ளி விடிந்ததும் சரிவுக்குக் கீழே கனைப்புக் கேட்டது. பாறையை ஒட்டி டாக்டரைப் படுக்க வைத்து, செத்த காது துப்பாக்கிப் பக்கமாக இருக்கும்படி அவருக்கு வலப்பக்கம் குந்தினாள். அவள் வலது பக்கம் பாறைச்சுவர். இடது கை டாக்டரின் தோளில், வலது கையில் பைனாகுலர்.

எல்க் கிடா வெளியே வந்தது. அப்பாடா, என்ன கொம்பு! ஆனால் முகத்தை நேரே காட்டி நின்றது. சுடக் கூடாது. மூன்று நிமிஷம் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, டாக்டர் மூச்சுகூட விடாமல் காத்திருந்தார். கிடா திரும்பியது. முழு விலாவையும் காட்டி நின்றது. இருபத்திரண்டு வருஷமாக விலா தெரிந்ததும் தட்டிப் பழகிய கை, தட்டிவிட்டது.

ஐயோ என்று நினைப்பதற்குள் வெடித்துவிட்டது. பாறையில் மோதித் திரும்பிய சத்தம் வலது காதுக்குள் ஆணி மாதிரி இறங்கியது.

கிடா விழுந்துவிட்டது. டாக்டர் குழந்தை மாதிரி துள்ளி எழுந்து ஏதோ கத்தினார். வாய் அசைந்தது, அவ்வளவுதான். பிறகு அவள் கழுத்தில் தொங்கும் கவசத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. தன் தோளைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார்.

"ஆமா, நான்தான் தட்டினேன். உங்க மேல தப்பில்ல" என்றாள் நோலா. சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பிறர்மேல் பழி போட ஒரு சாக்குக்கூட இல்லையே என்று அழுகையாக வந்தது. அழ நேரமில்லை. கிடாவை உரித்து, கூறு போட்டு, கழுதைமேல் ஏற்றி முகாமுக்கு வரும்போது மூன்றரை. காதுக்குள் சில்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போகலாம். ஆனால் வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

ஓர்வில் வாயைக் காதருகே வைத்துக் கத்தினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து போல ஏதோ வந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு முகட்டில் ஏறினாள். போனை அழுத்தினாள். சில்வண்டு. அழுத்தி அழுத்திக் காது மடல் வலித்தது. சில்வண்டுதான். போனை ஓர்வில் கையில் திணித்தாள்.

"காத்து ஜாஸ்தி, எனக்குச் சரியாக் கேக்கலைன்னு சொல்லு. அவர் சொல்றதை அப்படியே எனக்குச் சொல்லு."

ஓர்வில் கேட்டான். கத்தினான். "நாய் சாப்பிட்டுச்சாம்!" மறுபடி கேட்டான். "முட்டி எப்படின்னு கேக்கறார்!"

பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நெடுநேரம் கேட்டான். தொப்பியைக் கழற்றினான். தாடிக்கு மேலே முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"என்னய்யா சொல்றார்?"

"ஏம்மா, இதை நான் எப்படிம்மா..." என்று அவள் காதருகே கத்தி இழுத்தான்.

"சொல்லுய்யா!"

எந்தப் பொம்பளையிடமும் அப்படிப் பேசியறியாத ஓர்வில், கண்ணை மூடிக்கொண்டு, கீழே டாக்டர் நிமிர்ந்து பார்க்கும்படி அவள் காதில் கத்தினான்: "ஞாயித்துக்கிழமை நீ வந்ததும் உனக்குக் காப்பி நானே போட்டுத் தருவேன், கண்ணு!"

நோலா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் கேட்டுட்டேன்னு சொல்லு."

ஓர்வில் போனில் சொன்னான்.

"எங்கயாவது திக்கிச்சா?"

ஓர்வில் குனிந்து அவள் காதில் வாயை வைத்தான். "இல்லம்மா. ஒரு எடத்துலகூட நிக்கல."