பச்சைக் கம்பி

நாலுதந்திக்கு அந்தப் பழைய ஆம்ப்பை, கிதார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியை, விற்க மனசே இல்லை. ஆனால் புதிதாக ஒன்றை வாங்கி வீட்டுக்குள் தூக்கி வந்த அன்றைக்கே அவன் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ரூம்ல மூணு பேர் இருக்க முடியாது. நானா, புதுசா, பழசா? நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

பகலில் அச்சகத்தில் வேலை, வார இறுதியில் மேடைக் கச்சேரிகளில் அடிச்சத்தம் தரும் நாலு தந்தி பேஸ் கிதார் என்று இருப்பவன் அவன். நாலுதந்தி என்பது குழுக்களில் ஒட்டிக்கொண்ட பெயர். அவனுடைய சினேகிதன் ஒருவன் ஆறு தந்தி வைத்த பேஸ் வாசிப்பான், அவன் ஆறுதந்தி. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் எந்தத் தந்தி எத்தனை நாளில் மங்கும், எந்த ஸ்பீக்கர் அடிச்சத்தத்தைத் தாங்கும் என்று பேசியே பொழுதைக் கழித்துவிடுவார்கள். அந்த ரெண்டு கூடுதல் தந்தி எதற்கு, துணி காயப்போடவா என்று இவன் கேட்பான். உனக்கு எண்ணத் தெரிந்ததே நாலு வரைக்கும்தானே என்று அவன் திருப்பிக் கொடுப்பான்.

சனிக்கிழமை காலையில் ஆம்ப்பைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸ். கூடவே அவள் கணவர், அதிகம் பேசாத மனிதர். அவளுடைய சொந்த ஆம்ப் முந்தின நாள் புகைந்து போய்விட்டதாம். அன்று சாயங்காலமே கச்சேரியாம்.

"வாசிச்சுப் பாக்கலாமாண்ணா?"

"தாராளமா."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அறையில் விரித்திருந்த தடித்த ரப்பர் பாயில் நின்றாள். கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருக்க எப்போதோ அவன் போட்ட பாய் அது.

"செருப்போட எனக்கு வாசிக்க வராதுண்ணா. மேடையிலயும் வெறுங்கால்தான். தரை வழியா சத்தம் ஏறணும்."

அடித்தந்தியை ஒரு தட்டுத் தட்டினாள். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே வயித்துல வந்து உக்காருதே!" நாலுதந்திக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பிள்ளையை யாரோ புகழ்ந்த மாதிரி அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

பேரம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவன் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, அவள் பையிலிருந்து மடித்த தாள்கள் சிலவற்றை எடுத்தாள். எந்த வரியில் எந்தக் கார்ட், அதாவது எந்தச் சுரக்கூட்டு, வாசிக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கார்ட் ஷீட்கள்.

"ஒரு சந்தேகம்ணா. இங்க டி மேஜர் எழுதி, பக்கத்துல சாய்கோடு போட்டு எஃப் ஷார்ப்னு இருக்கு. நான் எதை வாசிக்கணும்?"

"கோட்டுக்கு முன்னாடி இருக்கறது மத்தவங்களுக்கு. பின்னாடி இருக்கறது நமக்கு. நீங்க எஃப் ஷார்ப்ல நின்னாத்தான் அடுத்த ஜி-க்குப் படியேறின மாதிரி இருக்கும்." தாளை வாங்கிப் பார்த்தவன் சிரித்தான். "இது கீபோர்ட் வாசிக்கற நம்ம 'கண்ணாடி' கையெழுத்தாச்சே! ஏழுங்கற எண்ணைக் குறுக்கால கோடு போட்டு வெட்டறவர் அவர் ஒருத்தர்தான்."

"அவர் குழுவுலதான் இன்னிக்கு. எப்பவும் வாசிக்கறவருக்குக் காய்ச்சலாம். கோரஸ் பாடவும் ஆள் வேணும்னு என்னைக் கூப்பிட்டாங்க."

கணவர் ஆம்ப்பைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார். "பாத்துங்க, கீழ போட்டுடாதீங்க" என்று நாலுதந்தி தெருவரைக்கும் கூடவே போனான்.

மதியம் நல்ல மழை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்தபோது மணி நாலரை, ஆறுதந்தி கூப்பிட்டான்.

"வித்துட்டியாமே. சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன்ல?"

"உனக்கு வித்தா தினம் குறை சொல்லுவே."

"அது சரி. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அந்தப் பழைய மண்டபம் இருக்கே, அங்க யார் ஆம்ப்பைச் சொருகினாலும் ம்ம்ம்னு உறுமும். உன்னுது மட்டும் வாயைத் திறக்காது. என்னடா பண்ணினே?"

நாலுதந்திக்குக் குஷி வந்துவிட்டது. "அது தொழில் ரகசியம். சரி, உனக்காகச் சொல்றேன். பிளக்கைத் திறந்து அந்தப் பச்சைக் கம்பி இருக்கு பாரு, எர்த்து, அதைக் கழட்…"

நாலுதந்தி போனைக் கீழே இறக்கிவிட்டான்.

"ஹலோ? டேய், இருக்கியா?"

கசிகிற மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடுகிற கம்பி அது. அன்றைக்கு ஒரு நாள் கச்சேரிக்கு மட்டும் என்று கழற்றியது. வீட்டுக்குப் போனதும் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தது. அப்புறம் அடுத்த கச்சேரி, அதற்கடுத்தது. ரப்பர் பாயும் தடித்த ஷூவும் அவனைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. எப்போதாவது கை முட்டி ஆம்ப்பின் இரும்பில் பட்டால் சுருக்கென்று இருக்கும். உள்ளே எங்கோ மின்சாரம் கொஞ்சம் கசிகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், வழியில் கிடக்கிற கல்லைத் தாண்டிப் போவது மாதிரி தாண்டிப் போய்விட்டான்.

அந்த இரும்பில் ஏறுகிற மின்சாரம் ஒயர் வழியாகக் கிதாருக்கு வரும். கிதாரிலிருந்து தந்திக்கு வரும். தந்தியில் அவள் விரல். மைக் எர்த்தோடு சேர்ந்தது; அதில் அவள் உதடு பட்டால் மின்சாரம் அவள் உடம்பு வழியாக இறங்கும். வெறுங்கால்.

வெளியே மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸின் எண்ணைக் கூப்பிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல். மறுபடி கூப்பிட்டான். அதே குரல், அதே நிதானம். கண்ணாடியைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் பெற்ற தாய் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.

அவன் நடக்கிற நடையைப் பார்த்து மனைவி வந்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னான். திக்கித் திணறிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை வருஷமா அந்தக் கம்பி இல்லாம இருந்துச்சு?"

அவன் மறுபடி நர்ஸின் எண்ணை அழுத்தினான்.

"வாரா வாரம் நான் அதை ஈரத்துணியால துடைச்சிருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. "நம்ம பாப்பா அது மேல ஏறி உக்காந்து விளையாடியிருக்கா."

"எனக்கு… தோணவே இல்ல."

"இப்பத் தோணிச்சுல்ல? நிக்காதீங்க. கண்ணாடி வீட்டம்மா நம்பர் என்கிட்ட இருக்கு."

கண்ணாடியின் மனைவிக்கு இடம் தெரிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பூங்கா. ஒரு கல்யாணத்தை ஒட்டிய விருந்து. "திறந்தவெளிதான். மழைல எப்படி நடத்தப்போறாங்களோன்னு அவரே புலம்பிட்டுப் போனாரு" என்றாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தெருவெல்லாம் தண்ணீர். ஒவ்வொரு குட்டையும் கண்ணில் குத்தியது. மனசு சும்மா இருக்கவில்லை. முதல் பாட்டில் கோரஸ் இருக்குமோ? கண்ணாடி முதல் பாட்டுக்கே எல்லோரையும் பாடவைக்கிற ஆள். ஒருவேளை மழையால் கச்சேரியே நின்றிருக்கலாம். நின்றிருக்கட்டும், நின்றிருக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீர்த் தொட்டி கண்ணில் படும்போதே சத்தம் வந்துவிட்டது. பாட்டு இல்லை, தூரத்திலிருந்து பாட்டு கேட்காது. பேஸ் மட்டும்தான் நிலத்தோடு ஊர்ந்து வரும். தன் ஆம்ப்பின் குரலை எந்தக் கூட்டத்திலும் அவனுக்குத் தெரியும். நெஞ்சு ஒரு பக்கம் கனத்தது, இன்னொரு பக்கம் லேசானது. அது கேட்கிறவரைக்கும் அவள் நிற்கிறாள். அவள் விரல் அசைகிறது.

வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டபோது பேஸ் நின்றது.

மற்ற வாத்தியங்கள் நிற்கவில்லை. டிரம்ஸ் கேட்டது, கீபோர்ட் கேட்டது. அடியில் இருந்தது மட்டும் இல்லை.

நாலுதந்தி ஓடினான். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, நனைந்த புல்லில் வழுக்கி முட்டி போட்டு விழுந்து, எழுந்து ஓடினான். யாரோ "யோவ்!" என்றார்கள். தார்ப்பாய் கட்டிய மேடை. பலகைகளில் தண்ணீர் பளபளத்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு நின்றுகொண்டிருந்தாள், தந்திகளைக் கையால் மூடியபடி, பாட்டில் பேஸ் இல்லாத ஒரு வரியைக் கணக்குப் பண்ணிக்கொண்டு. வெறுங்கால். அந்த வரி முடிந்தால் கோரஸ். அவள் மைக்கைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

"பாடாதீங்க! மைக்கைத் தொடாதீங்க!"

அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் பாய்ந்தான். ஆம்ப்பின் ஒயரைக் கண்ணால் பிடித்து, அது போய்ச் சேர்ந்த பிளக் பலகையைக் கண்டுபிடித்து, பிளக்கைப் பிடித்து இழுத்தான். எது எது அதோடு வந்ததோ தெரியாது. கீபோர்டும் செத்தது, பாதி விளக்கும் போனது. டிரம்ஸ்காரன் மட்டும் ரெண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான்.

"எவன்டா அது?" சவுண்டுக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஆம்ப்புக்கு எர்த் இல்ல… லீக்கேஜ்… அவங்க வெறுங்கால்…" மூச்சு வாங்கியதில் இதற்குமேல் வரவில்லை.

சவுண்டுக்காரருக்கு அது போதும். ஓங்கிய கை இறங்கியது. எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டு, நர்ஸின் கிதாரைத் தனியாக வைத்துவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி சொருகினார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஆம்ப்பின் இரும்பு மூலையில் வைத்தார். அந்தக் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை ஆம்ப்பின்மேல் சுற்றி வைத்தார்.

நர்ஸ் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்ததுலேர்ந்து தந்தியைத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. பழைய ஆம்ப்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்." அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "மைக்குக்கு இவ்வளவு கிட்டப் போயிட்டேன்."

நாலுதந்தி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, விக்கும்போது உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் அவனை உயிர் காத்தவனாகக் கொண்டாடுவார்கள். கண்ணாடி ஏற்கெனவே அவன் தோளில் கை வைத்திருந்தார்.

"நான்தான் கழட்டினேன்" என்றான். "எப்பவோ. உறுமல் வருதுன்னு. காலைல நீங்க வாசிக்கறப்ப அது ஞாபகத்துக்கே வரல. கொஞ்சம் முன்னாடிதான் வந்துச்சு."

தோளிலிருந்த கை மெதுவாக எடுக்கப்பட்டது.

அவள் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "காலைல அதைத் தூக்கும்போது 'பாத்துங்க'ன்னு சொன்னீங்களே. நான் உங்களை ரொம்ப நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

நாலுதந்தி எழுந்து ஆம்ப்பை மேடையிலிருந்து இறக்கினான்.

கச்சேரி நிற்கவில்லை. சவுண்டுக்காரர் கிதாரை நேராகத் தன் சவுண்ட் மிக்ஸரில் இணைத்துக்கொடுத்தார். யாரோ ஒரு பெண்மணி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி நர்ஸிடம் நீட்டினாள். முதல் ரெண்டு பாட்டில் நர்ஸ் மைக் பக்கமே போகவில்லை. மூன்றாவதில் போனாள், வாயை எட்டவே வைத்துக்கொண்டு பாடினாள். நாலுதந்தி மேடைக்குப் பின்னால், தன் ஆம்ப்புக்குப் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டான். வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை என்பதும் ஒரு காரணம். ஆம்ப்புக்கு அவள் கொடுத்த பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆம்ப்பை ஒரு ஆட்டோவில் ஏற்றி நேராகப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றில் மின்காப்பு வெந்துபோயிருந்தது என்று கடைக்காரர் பிறகு சொன்னார். "இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் வாசிச்சீங்க?" என்று அவனை மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டில் மனைவி பாப்பாவை அந்த அறைக்குள் விடவில்லை. புது ஆம்ப்புக்கு அருகே போக வேண்டி வந்தால் சுவரை ஒட்டிப் போனாள். அவன் பிளக்கைத் திறந்து, மூன்று கம்பியும் இருப்பதைக் காட்டினான். பார்த்தாள். "சரி" என்றாள். சுவரை ஒட்டியே போனாள்.

அடுத்த வாரம் ஆறுதந்தியிடம் எல்லாவற்றையும் விடாமல் சொன்னான். அவன் ஒரு கிண்டலும் பண்ணாமல் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஆறுதந்தியே மறுபடி கூப்பிட்டான்.

"டேய்."

"சொல்லு."

"என் ஆம்ப் பிளக்கைத் திறந்தேன். இதுலயும் பச்சை இல்லடா. நான் கழட்டல. சத்தியமா நான் கழட்டல."

"யார்கிட்ட வாங்கினே?"

"ஒரு கிதார்காரர்கிட்ட. அவரும் யார்கிட்டயோ செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா சொன்னாரு. நேத்து என் பொண்ணு இதுல வாசிச்சுப் பழகினாடா."

"தொடாதே. சுவிட்சை அணைச்சிட்டு அப்படியே தள்ளி நில்லு" என்றான் நாலுதந்தி. ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கினான்.