ஓசையில்லாத சட்டி

சாம்பல் நிறைந்த சட்டியைத் தலைக்கு மேல் தூக்கியபடி, சணல் துக்க உடையில் முழங்காலிட்டிருந்தாள் யான்ரு. முன்னால் வெறும் சவப்பெட்டி. முதுகுக்குப் பின்னால் கேமரா. படத்தின் கதைப்படி, கோட்டை வாசலில் காதலன் குதிரையோடு காத்திருக்க, அவனோடு போகாமல், ஆண் வாரிசில்லாமல் இறந்த தன் தகப்பன் தளபதிக்கு மகனாக நின்று சட்டியை உடைக்கிறாள் நாயகி. நாயகியாக நடிப்பவள் கண்ணில் மருந்து விட்டு நேற்றே அழுது முடித்துப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாகக் கல்தரையில் நெற்றி மோதுவதற்கும் குதிரையிலிருந்து விழுவதற்கும்தான் யான்ருவின் உடம்பு.

"கட்! முதுகு ஏம்மா குலுங்குது?" இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "தகப்பனுக்குச் செய்யற மரியாதை இது. மலை மாதிரி நிக்கணும்."

துணை இயக்குநர் பாங், அவளை வேலைக்கு அழைத்து வருபவர், புதுச் சட்டியோடு குனிந்தார். யான்ருவின் அப்பா இறந்தது அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். தீட்டுக்காரியைப் படப்பிடிப்புக்குள் விட்டது தெரிந்தால் இயக்குநர் தீட்டுக் கழிய ஊதுவத்தி கொளுத்தி வேலையையே நிறுத்திவிடுவார். அவளையும் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"ஒரே ஒரு ஷாட், தங்கச்சி. பாதி உன் முதுகை வெச்சு எடுத்தாச்சு, வேற ஆளப் போட முடியாது. சரியா பண்ணிட்டா மத்தியான ரயிலப் பிடிச்சிரலாம்."

"ஓங்கிப் போடவா அண்ணே?"

"வேணாம், மண்சட்டி இல்ல, சுண்ணாம்புதான், தொட்டாலே உடையும். சத்தத்தைப் பெறகு சேத்துக்குவாங்க."

காலையில் சித்தப்பா ஊரிலிருந்து பேசியிருந்தார். "நாளைக்கு விடியக்கால பெட்டியத் தூக்கிருவோம். பொட்டப்புள்ளதான் சட்டி உடைக்கணும்னு உங்கப்பன் சாகும்போதும் அடம் பிடிச்சான். சரி, வந்தா நீயே உடை. வரலன்னா என் மவன் தாஜுன் உடைப்பான். அப்புறம் அந்த வீட்டுக்கு அவன்தான் புள்ள. வந்து வழக்குப் பேசக்கூடாது."

புத்தாண்டுக்கும் அவள் போகவில்லை. ஊரில் தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அப்பா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பாராம். நாயகி திரும்பி நடந்தால் போதும், "இந்த முதுகு எம்பொண்ணு!" என்று எழுந்தே நின்றுவிடுவாராம்.

அதை நினைத்ததும் தோள்கள் மறுபடி குலுங்கின.

"கட்!"

நினைக்காமலிருக்கப் பல்லைக் கடித்தாள். கடித்தால் கழுத்து விறைத்தது. அடுத்தமுறை சட்டி கையிலேயே நொறுங்கியது. மதியம் வந்து, போனது. யாரோ உணவுப் பொட்டலம் நீட்டினார்கள். அன்றைய ஒரே ரயில் கிளம்பும் நேரத்தில் அவள் நெற்றி கல்தரையில் கிடந்தது. அதன்பிறகு உள்ளே எதுவும் அசையவில்லை. எழுந்தாள், சட்டியைத் தூக்கினாள், போட்டாள்.

"ஆகா!" இயக்குநர் கைதட்டினார். "பாருங்கய்யா, இதுதான் நம்ம பாரம்பரியம். படத்தோட உயிரே இந்த முதுகுதான்."

பாங் அவள் கண்ணைப் பார்க்காமல் விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

மிஞ்சிய ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு யான்ரு கோட்டைச் சுவரின் பின்பக்கம் வந்தாள். அங்கிருந்து பார்த்தால் கோட்டை என்பது முட்டுக்கொடுத்த ஒட்டுப்பலகை மட்டுமே. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் இருந்த வடக்கைப் பார்த்து மண்டியிட்டு, சட்டியை இரு கைகளாலும் தூக்கி, இருந்த பலமெல்லாம் கூட்டித் தரையில் அடித்தாள்.

வெள்ளைத் தூள் மட்டும் ஓசையின்றி எழுந்து அவள் மடியில் படிந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.