இரண்டாவது பொதி

"மக்கா, மூக்க வச்சுப் பாரு."

"மணக்கு."

"நல்லா?"

"நேத்து அடிச்ச பெயிண்டாக்கும். இதுல ஒட்டப்பிடாது."

"நான் போயி அண்ணாச்சிகிட்ட சொல்லுகேன். ஆனா நீயும் கூட நிண்ணு சொல்லணும், கேட்டியா?"

"சொல்லுகேன்டே. போ."

இரண்டு மாதத்துக்கு முன்னால் ததேயுஸும் தேவகுமாரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ததேயுஸ் போய்ச் சொன்னான். தேவகுமார் கூடவே நின்றான். வாயைத்தான் திறக்கவில்லை.

அந்தப் பேச்சு இன்றும் விடியுமுன்னே தேவகுமாரின் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கள்சந்தை சாலையோரத்து ஸ்டிக்கர் பட்டறையில், அன்று ஒட்டிய அதே மீன் கம்பெனி குளிர்பெட்டி லாரி மேல் அவன் அனல் ஊதும் ஹீட் கன்னைப் பிடித்திருந்தான். ஏழு மணிக்கு இந்த வண்டி குளச்சலில் மீன் ஏற்ற வேண்டும். அதற்குள் ஒரு பக்கத்து ஸ்டிக்கரையாவது உரித்தாக வேண்டும். ஒட்டியிருக்க வேண்டிய இடமெல்லாம் பாம்புச் சட்டை மாதிரி கழன்று தொங்கியது. கழல வேண்டிய இடமோ உயிரைப் பிடித்துக்கொண்டு, நகத்தளவு நகத்தளவாகக் கிழிந்து வந்தது. விரல் நுனிகளில் தோல் போய்ப் பசை ஏறியிருந்தது. அனலில் மீன் கவிச்சியும் பசை நாற்றமும் சேர்ந்து குமட்டியது. ஓரிடத்தில் ஸ்டிக்கரோடு பெயிண்டும் பெயர்ந்து வந்தது. அடியில் அது இன்னும் காயவே இல்லை.

பெயிண்டின் குணம் அது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கரைப் போட்டு மூடினால் ஆவி கொப்புளமாக எழும்பும். வெயிலில் கொப்புளம் பெரிதாகும். துறைமுகத்தில் தண்ணீரைப் பீச்சிக் கழுவும்போது ஓரம் தூக்கும். அப்புறம் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போதாததற்கு, மறுநாள் கோயில் வாசலில் பாதிரியார் வண்டியை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு, வண்டி மினுங்க வேண்டும் என்று பெயிண்ட் பட்டறையிலேயே பாலிஷ் போட்டு அனுப்பிவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டியில் ஸ்டாம்பு ஒட்டின கதைதான்.

இதெல்லாம் முதலாளி பகவதியப்பனுக்குத் தெரியாததல்ல. ஒன்பது நாளைக்கு முன் கம்பெனி மேனேஜர் வந்து கத்தியபோது அவர் கூசாமல் சொன்னார்: "ததேயுஸுக்க வேலையாக்கும் சார். குடிச்சிட்டு வந்து ஒட்டினா இப்பிடித்தான்." பிறகு திரும்பி, "என்னடே தேவகுமாரு, அப்பிடித்தான?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

இரண்டே சொல். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து, குடியை விட்டு நாலு வருடமான மனிதன் ததேயுஸ். அவன் தேவகுமாரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கையிலிருந்த தேய்ப்புத் தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெரிய ஸ்டிக்கருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பிடிக்க, ஒருவன் தேய்க்க. பதினோரு வருடம் ததேயுஸ் தேய்த்தான், தேவகுமார் பிடித்தான். தகடு இன்னும் அதே மேசையில் கிடந்தது.

அதைவிடப் பெரிய அவமானம் வீட்டில் இருந்தது. மனைவி சுபிதா தினமும் வாழையிலையில் இரண்டு பொதிச்சோறு கட்டுவாள், ஒன்று புருஷனுக்கு, ஒன்று ததேயுஸுக்கு. கூடப்பிறந்தவனுக்குக் கட்டுவதுபோல மீன்துண்டு பெரிதாகப் பார்த்து வைப்பாள். எட்டு நாளாக அந்த இரண்டாவது பொதியைத் தேவகுமார் பஸ் நிறுத்தத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, "ததேயுஸ் நல்லாருந்துதுண்ணு சொன்னான்" என்று வந்து பொய் சொன்னான்.

இன்று விடியுமுன் வீட்டிலிருந்து கிளம்பும்போது சுபிதா வாசலில் நின்றாள்.

"நேத்து குளச்சல் சந்தையில ரெஜிஷா அக்காவப் பாத்தேன். அண்ணன் வேலைக்குப் போயி ஒம்பது நாளாச்சாமே. அப்ப எனக்க பொதிய ஆரு திண்ணா?"

ததேயுஸின் மனைவி பெயர் காதில் விழுந்ததும் தேவகுமார் செருப்பு வாரை மாட்டினான். மாட்டிய வாரையே மறுபடி மாட்டினான்.

"குடிச்சாருண்ணு ஊரே பேசுகாம். அவருக்க மவ பள்ளிக்கூடத்துக்கே போவ மாட்டேங்காளாம்." இரண்டு பொதிகளையும் அவன் பையில் வைத்தாள். "இண்ணைக்கு இது அதுக்க ஆளுகிட்டத்தான் சேரணும்."

யார் சொன்ன பொய் என்று அவள் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்டிக்கர் உரித்த லாரி குளச்சலுக்குப் போன சூட்டோடு, பட்டறையில் அடுத்தது வந்து நின்றது. பளபளவென்று புது வெள்ளை.

"நாளைக்குக் காலம்பற மந்திரிப்பு. மத்தியானத்துக்குள்ள ஒட்டி முடிச்சிரணும்" என்று சொல்லிவிட்டு பகவதியப்பன் அறைக்குள் போனார்.

தேவகுமார் வண்டியில் மூக்கை வைத்தான். கண்ணில் நீர் முட்டியது. பெயிண்டினால்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"செல்லக்கனியக்கா, ஒண்ணு வந்து மூக்க வையுங்க."

எழுத்து வெட்டிக்கொண்டிருந்த செல்லக்கனி பிளேடோடு வந்தாள். "சவம், கண்ணு எரியுது!" என்று பின்வாங்கினாள். வண்டி கழுவும் சுயம்புராஜ் ஒரு கை நீரைத் தெளித்தான். முத்து முத்தாக உருண்டு ஓடியது. "பாலிஷும் போட்டிருக்கானுவ."

செல்லக்கனி தேவகுமாரை நேராகப் பார்த்தாள். "அண்ணைக்கு இந்த மூக்கு எங்க போச்சு?"

"ததேயுஸ் குடிக்கல்லக்கா. நான் பொய்யி சொன்னேன்."

"எங்களுக்குத் தெரியாதா? நீ பொய்யி சொன்ன. நாங்க கேட்டுட்டு சும்மா நிண்ணோம். இதுல ஆரு யோக்கியம்?" அவள் பிளேடை மடக்கினாள். "இனி சும்மா நிக்காண்டாம்."

சுயம்புராஜ் போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினான். சத்தம் நின்றதும் முதலாளி வெளியே வந்தார்.

"என்னலே, மூணு பேரும் வண்டியக் கெட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கியளா?"

"ஏழு நாளு காயணும் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "பாலிஷயும் அழிச்சுத் துடைக்கணும். அதுக்குப் பொறவு ஒட்டுகோம்."

"ஒட்டுக கை சரியா இருந்தா எதுலயும் ஒட்டும்."

"கையச் சொல்லாதீங்க. நீங்க அவசரத்துல ஒட்டச் சொன்னத உரிச்ச கையாக்கும் இது. பாருங்க." தேவகுமாரின் கையைப் பிடித்து அவர் முன் விரித்தாள். பத்து விரலும் சிவந்து கிடந்தன.

"உங்களுக்கு முடியாதுண்ணா சொல்லுங்க. மார்த்தாண்டத்துல வேற ஆளு உண்டும்."

"அவனுக்கும் மூக்கு உண்டும் அண்ணாச்சி" என்றான் சுயம்புராஜ்.

பகவதியப்பன் முகம் கறுத்தது. அவர் தேவகுமாரிடம் திரும்பினார், குரல் இளகியது. "நீ சொல்லுடே. சுபிதாவுக்கு வலி கண்ட அண்ணைக்கு, அந்த மழையில, ஆருக்க காரு வந்துது?"

அது நிஜம். இடுப்பளவு வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார். அந்தக் கார்தான் இத்தனை வருடமும் தேவகுமாரின் தொண்டைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"உங்க காராக்கும் அண்ணாச்சி. சாவுறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"அப்ப ஒட்டு."

தேவகுமார் பையைத் திறந்தான். இரண்டாவது பொதியை எடுத்துப் போய், மேசைமேல் கிடந்த தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வாட்டிய இலையில் இன்னும் சூடு இருந்தது. ஒரு பக்கம் செல்லக்கனியும் மறுபக்கம் ஈரச் சட்டையோடு சுயம்புராஜும் வந்து தோள் இடிக்க நின்றார்கள்.

"அந்த நன்றிக்காவத்தான் அண்ணைக்கு ஆமாண்ணு சொன்னேன். அது பொய்யி. ததேயுஸ் குடிக்கல்ல. ஒட்டப்பிடாதுண்ணு சொன்ன ஒரே ஆளு அவனாக்கும். அத மேனேஜருகிட்டயும் நானே சொல்லுகேன்."

தேவகுமார் பொதியை முதலாளி பக்கமாக நகர்த்தினான்.

"இது அவனுக்க சோறு, அண்ணாச்சி. மத்தியானம் தாண்டுனா கெட்டுப்போவும். அதுக்கு முன்ன அவனத் திரும்பக் கூப்பிடுங்க."