சாயம் போடாத புறா

இந்த வருஷம் அரிஷத் சிவப்புச் சாயம் காய்ச்ச அடுப்பில் மஞ்சிட்டி வேரை ஏற்றவில்லை.

அதை ஏற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பது எரிக்ஸ் மலையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். கோயிலின் தலைமைப் பூசாரியம்மா ஒருத்தி, படகுக்காரன் லைக்கோன் ஒருத்தன், அப்புறம் அரிஷத்.

மலை உச்சியில் குடியிருப்பவளுக்குப் பெயர்கள் பல. கார்த்தேஜ் வணிகர்கள் அஷ்டார்த் என்பார்கள். கிரேக்கர்களுக்கு அப்ரோடிட்டி. வடக்கேயிருந்து வரும் லத்தீன் மாலுமிகளுக்கு வீனஸ். போன வாரம் துறைமுகத்தில் ஓர் எகிப்தியன், இது எங்கள் ஊர் ஹாத்தோர்தான், பசுக்கொம்பை மட்டும் கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பியது பெரிய காரியம். மலைக்காரர்கள் இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. அவர்களுக்கு அவள் அம்மா, அவ்வளவுதான். ஆசைக்கும் அம்மா, கடலுக்கும் அம்மா.

கோடையில் அம்மா கடல் தாண்டி லிபியாவுக்குப் போவாள். அன்றைக்குக் கோயில் புறாக்கள் அத்தனையும் அவள் பின்னாலேயே பறந்துவிடும். மலை வெறிச்சென்று கிடக்கும். ஒன்பதாம் நாள் காலையில் கடல்மேல் ஒற்றைச் சிவப்புப் புறா ஒன்று தெரியும். அதுதான் அம்மா. பின்னாலேயே வெள்ளைக் கூட்டம் வரும், மலையெங்கும் வெண்ணெய் வாசம் வீசும், ஜனங்கள் குழல் ஊதிக் கும்மாளம் போடுவார்கள்.

வெள்ளைப் புறாக்கள் தாமாகப் போய்த் தாமாக வருகின்றன. அதில் யார் கையும் இல்லை. சிவப்புப் புறா மட்டும் அரிஷத்தின் கைவேலை. அவள் மாமியார் குடும்பத்தில் வழிவழியாக வந்த வேலை அது. ஒரு புறாவை முன்கூட்டியே பிடித்து வைத்து, மஞ்சிட்டிச் சாயம் ஏற்றி, கூடையில் போட்டுப் படகில் அனுப்பிவிடுவாள். கடலில் திறந்துவிட்டால் அது தன் கூட்டைத் தேடி நேரே கோயிலுக்கு வந்துவிடும். இதைப் பொய் என்று பூசாரியம்மா ஒருநாளும் நினைத்ததில்லை. அம்மா சிலைக்குப் பட்டு கட்டுகிறோம், அது பொய்யா, ஜனங்களுடைய கண்ணுக்கு ஓர் அடையாளம் வேண்டாமா என்பாள்.

கூடையைக் கொண்டுபோகும் வேலை முன்பெல்லாம் அரிஷத்தின் புருஷன் கிஸ்கோவுடையது. புறாவைத் திறந்துவிடும்போது தன் மேலங்கியிலிருந்து ஒரு நூலை உருவி அதன் காலில் கட்டிவிடுவான். புறாக்கூண்டுக்குள் போய் அந்த நூலை அவிழ்க்கும்போது அரிஷத்துக்குச் சிரிப்பு வரும். விட்டாச்சு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

மூன்று கோடைக்கு முன்னால் நூல் வந்தது. அவன் வரவில்லை. படகும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்த நூல் இன்னும் அரிஷத்தின் மணிக்கட்டில் இருக்கிறது. அதன்பிறகு கூடையை லைக்கோன் கொண்டுபோகிறான். அவன் கிஸ்கோவின் கூட்டாளி, பெண்டாட்டியை இழந்தவன். பனி விழுந்த ஒரு நாளில் விறகுக் கட்டை அவள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்கு வந்துவிடேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அதற்கப்புறம் கேட்கவில்லை. விறகு மட்டும் நின்றபாடில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் கிஸ்கோவின் தங்கை பத்னோம் அத்திப்பழத்தோடு வந்தாள். வந்ததும் அவள் பார்வை அரிஷத்தின் கையில்தான் விழுந்தது.

"என்ன அண்ணி, கை இப்பிடி வெளுத்துக் கெடக்கு? இந்த நேரத்துல முழங்கை வரைக்கும் செவப்பா இருக்குமே. கோயில் துணிக்குச் சாயம் போடலையா?"

உடம்பு சரியில்லை என்று அரிஷத் சமாளித்தாள். பத்னோம் ஒரு பழத்தைப் பிட்டு அவள் வாயில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போலப் பேச்சு லைக்கோனிடம் போய் நின்றது.

"ஆளு அழகன்னு நான் சொல்லமாட்டேன். மூக்கு முன்னாடி வரும், அவன் அதுக்குப் பின்னாடி மெதுவா வருவான். ஆனா வந்துருவான் அண்ணி. எங்கண்ணன் மாதிரி இல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிச்சப் பழங்களை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் துறையில் லைக்கோன் கூடையை வாங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே இருந்த புறா பால் வெள்ளையாக இருந்தது.

சாயம் எங்கே என்று அவன் கேட்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். "வருஷா வருஷம் அம்மாவை நானே செஞ்சு அனுப்பிட்டு, நானே போய் நின்னு கும்பிடறேன். அலுத்துப் போச்சு. இந்தத் தடவை அவளே வரட்டும். செவப்பா ஒண்ணு வந்துச்சுன்னா அவ இருக்கா, கிஸ்கோவும் எங்கயோ இருக்காரு. நான் காத்துக்கிட்டு இருப்பேன்."

"வரலைன்னா?"

"உங்க வீட்டுக்கு வந்துடறேன்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் அன்றைக்குக் கூடை மூடியை மெதுவாகச் சாத்தினான். நாளைக்குப் பாறையில் நிற்கப்போகும் ஜனங்களின் முகத்தை நினைத்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டான். என் முகத்தை யார் நினைத்தார்கள் என்றாள் அவள். லைக்கோன் கூடையைப் படகில் வைத்துத் துடுப்பைப் போட்டான்.

ஒன்பதாம் நாள் காலை. பாறை விளிம்பில் நிற்க இடமில்லை. குழல்காரர்கள் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். அரிஷத் ஒதுங்கி நின்று நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். கிஸ்கோ வேண்டும் என்று மனசு கேட்டது. அதே மனசு, அடுப்பில் புகை எழும் ஒரு வீட்டையும், பொழுது சாய்ந்தால் வாசலில் கேட்கும் ஒரு செருமலையும் கேட்டது. இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கடலையே பார்த்தாள்.

தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. வெயிலில் அது எந்த நிறமாகவும் இல்லாமல் நடுங்கியது. கொஞ்சம் நெருங்கி, காற்றில் சாய்ந்து திரும்பியது.

சிவப்பு.

ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். பின்னாலேயே வெள்ளைக் கூட்டம் கடலை மறைத்துக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ வெண்ணெய் வாசம் எழுந்தது. அரிஷத் மண்டியிட்டாள். ஆயுசில் முதல்முறையாக, தான் செய்யாத ஒருத்தியைப் பார்த்து "அம்மா" என்றாள். அப்படியானால் அவன் இருக்கிறான். எங்கேயோ ஒரு கரையில் இருக்கிறான்.

மற்றவர்கள் வருவதற்குள் சிவப்புப் புறாவைப் பிடித்து மறைப்பதும் அவள் வேலைதான். கூண்டுக்குள் ஓடினாள். மூன்றாவது மாடத்தில் அது களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தாள். இடதுகாலில் ஒரு விரல் கோணியிருந்தது. நேற்று அவளே கூடையில் வைத்த புறா.

விரலை நாக்கில் நனைத்து இறகில் தேய்த்தாள். விரல் சிவந்தது. மஞ்சிட்டி இல்லை. பைன் மரப்பட்டை நெடியும் மீன் கவிச்சியும் அடித்தன. வலைக்குப் போடுகிற சாயம். அவசரத்தில் இறக்கைக்கு அடியில் வெள்ளை விட்டுப்போயிருந்தது. முதுகில் ஒரு பெரிய கட்டைவிரல் பதிந்திருந்தது.

அந்தத் தடத்தின்மேல் தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பொழுது சாயும்போதுதான் லைக்கோனின் படகு துறைக்கு வந்தது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கைகளை வலைக்குள் மறைத்தான்.

"காட்டுங்க," என்றாள்.

மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தது.

"வெள்ளையா விட்டிருந்தா இந்நேரம் உங்க வீட்டு அடுப்பை நான் மூட்டியிருப்பேன். தெரியும்ல?"

"தெரியும். வெள்ளையாத்தான் விடப்போனேன், சத்தியமா. கூடையத் தொறக்கறப்ப நீ பாறையில நிக்கறது கண்ணுக்குள்ள வந்துது. ஒண்ணும் வராம நிக்கற. கை கேக்கலை அரிஷத். பக்கத்துல வலைச்சாயம் இருந்துது, முக்கிட்டேன்."

"ஏமாத்திட்டீங்க."

"ஆமா."

கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அதைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. காலையில் விட்ட புறா காலையிலேயே வந்துவிட்டது, நீங்கள் ஏன் வருஷா வருஷம் இருட்டுகிற நேரத்துக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள். அவன் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துப் போட்டான்.

"முனைக்கு அந்தாண்ட பாறை இடுக்கெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வருவேன். பலகை, துடுப்பு, ஏதாச்சும்."

"மூணு வருஷமாவா?"

"அவன் எனக்கும் வேணும்ல."

அரிஷத் படகுக்குள் இறங்கி, எண்ணெய்க் குப்பியையும் பழந்துணியையும் தேடி எடுத்தாள். அவன் எதிரே உட்கார்ந்து வலது கையைத் தன் மடியில் இழுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மரப்பட்டைச் சாயம் சுலபத்தில் விடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நகக்கண்ணில் தங்கியது தங்கியபடியே இருந்தது.

"அடுத்த கோடைக்குச் சாயம் நான் போடறேன். நீங்க போட்டது திட்டுத்திட்டா இருக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "படகுல நானும் வரேன். பாறைப் பக்கம் ரெண்டு பேராப் பாத்தா நல்லது."

வீட்டுக்கு வருவதைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இன்னொரு கையை நீட்டினான்.

மேலே கோயிலில் பலிபீடத்து நெருப்பை மூட்டிவிட்டார்கள். துறைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்க்க மலைப்பக்கம் திரும்பினார்கள். படகில் இருந்த இரண்டு பேர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.