ஒளிவு மறைவில்லாத பீடம்

1
இந்தக் கதை ஒரு மனிதரிடமிருந்து பிறக்கவில்லை. தேவாலயத்தின் பின்புறம் கோழி ஏறி நிற்க, மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு மர வாசகப் பீடத்திலிருந்து பிறந்தது. முதல் வரி இப்படி அமைந்தது: நூலைத் தாங்கவே மனிதன் பீடத்தைச் செய்தான்...

(வகுப்பறை வாடை; அந்த வரியை அடித்துவிட்டேன். ஆயினும் பொய்யன்று. பண்டைய ஏடுகள் கைக்கடங்காத பாரம். பிற்பாடு நூல்கள் மெலிந்தன. பீடம் பேசுபவரைத் தாங்கத் தொடங்கியது.)

2
செஃபோ, தென்கடலின் சவாயித் தீவில் எங்கள் ஊரின் பேச்சுத் தலைவர். திடலில் ஊருக்காகப் பேசுகையில் அவருடைய வலக்கை ஊன்றுகோலைப் பற்றியிருக்கும். ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கையில், சபையின் கண்ணுக்குப் படாத மரப் பீடத்தின் உள்விளிம்பை. அந்தக் கை நடுங்குவதை மனைவி லாங்கி மட்டுமே அறிவாள். ஊர் அறிந்தால் கோபிக்காது. அன்போடு ஓய்வு தந்து, கோலை வேறொருவரிடம் கொடுத்துவிடும். பேச்சில்லாத செஃபோ என்பவர்...

(இவ்வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

3
ஆக்லாந்தில் குடியேறிய எங்கள் ஊர் உறவினர்கள், தங்கள் இறந்த தாயின் பெயரை முகப்பில் பொறித்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பீடமொன்றை அனுப்பினார்கள். வந்த பரிசைப் புகழ்ந்து ஏற்பது பேச்சுத் தலைவரின் கடமை. இனி இவ்வூரில் வேதம் இதிலிருந்தே ஒலிக்கும் என்று செஃபோ பழக்க வேகத்தில் முழங்கிவிட்டார். சபையில் சொன்னது சொன்னதுதான். மரப் பீடம் அன்றே வெளியேறியது.

வீட்டில் லாங்கி கோகோவை ஆற்றினாள்.

"பரிசைப் புகழச் சொன்னா, உங்களையே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"'நல்லா இருக்கு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சா, பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?"

"துணி போட்டு மூடிரலாமா?"

"அந்தம்மா பேரு மேலயா?"

அவள் அவருடைய வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

4
முடிவு ஒன்று: பீடம் தவறி விழுந்து உடைகிறது. (அது உடையாத ரகம். என் நீதிக்கதைகளில் நரிக்குக்கூட இத்தனை சலுகை தந்ததில்லை.)

முடிவு இரண்டு: செஃபோ உண்மையைச் சொல்கிறார். ஊர் அவரைத் தழுவிக்கொள்கிறது. தழுவிய கையோடு கோலை வாங்கிக்கொள்கிறது.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. ஞாயிறு. செஃபோ ஊடுருவித் தெரியும் பீடத்தின் பின்னால், அதன் விளிம்பை வலக்கையால் பற்றி நிற்கிறார். ஜெபத்துக்காகக் குனிந்த தலைகள் இன்னும் நிமிரவில்லை. வாசகரே, உங்களுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது.

ஜெபம் முடிந்துவிட்டது.